உட்காரப் பழகிய வருஷம்

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலையூரான பிரிஞ்சாங்கின் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவித்த சோளம் வாங்க நின்றிருந்தேன். விற்றுக்கொண்டிருந்த பெண், சோளத்தைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதானே ஞாயித்துக்கெழம பேப்பர்ல கத எழுதுறவங்க?"

ஆமாம் என்றேன். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விட ருசியான சோளம் எந்தச் சந்தையிலும் கிடையாது. என் முகம் மலர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உடனே அதை வாட வைத்தாள்.

"எஸ்டேட்டுக் கத எழுதுறீங்க, எல்லாத்துலயும் யாராச்சும் செத்துப் போறாங்க. இல்லாட்டி பனி எறங்குது. நாங்க என்னாக்கா, பனிக்குள்ளாற சாவுறதுக்கே பொறந்தவங்களா?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தையில் வாங்குகிற திட்டுக்கு வீட்டில் வாங்குவதை விட உறைப்பு அதிகம். நான் காசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எங்க லயத்துல பொங்கல்லேருந்து கமிட்டி நடத்துறோம். அத எழுதுங்க. ஆனா ஒரே ஒரு கண்டிஷன்லா. யாரும் சாவக் கூடாது. பனி வேணாம். படிக்கிறவங்க 'ஐயோ பாவம்'னு சொல்லக் கூடாது."

(அது ஒன்றல்ல, மூன்று கண்டிஷன். சோளத்தின் அவசரத்தில் ஒப்புக்கொண்டேன்.)

அவள் பெயர் விக்னேஸ்வரி. மற்ற நாட்களில் கோலா தெர்லாவில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், காய்கறிக் கொட்டகையில் கோசும் சலாட்டும் பெட்டி கட்டுகிறாள். நாற்பதைத் தாண்டியவள். பேசும்போது கை சும்மா இருக்காது. எதிரே இருக்கிற எதையாவது எடுத்து அடுக்கிக்கொண்டே இருக்கும். இது அவள் கதை. ஆனால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன் என்று நான் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை..."

நிறுத்திவிட்டேன். எனக்கு முன்னால் எழுதியவர்கள் மிதித்து மிதித்து அந்தக் கம்பளம் நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது.

இரண்டாம் வரைவு:

"விக்னேஸ்வரியின் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது..."

இதையும் விட்டேன். கப்பலிலிருந்து ஆரம்பித்தால் கமிட்டி வந்து சேர்வதற்குள் பேப்பர்க்காரர்கள் எனக்குக் கொடுத்த இடம் தீர்ந்துபோகும்.

மூன்றாம் வரைவு:

"பொங்கல் கழிந்த மறுவாரம், மேனேஜர் லயத்துக்கு ஆள் அனுப்பி, வருஷக் கடைசிக்குள் எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லச் சொன்னார்."

இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செய்தியும் அப்படித்தான் வந்தது. மோட்டாரில் வந்தவன் மோட்டாரை விட்டு இறங்கக்கூட இல்லையாம். ஆகவே இதையே வைத்துக்கொள்கிறேன்.

லயம் என்பது எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு சிமெண்டுப் பாதை, ஒரு தண்ணீர்க் குழாய். தோட்டத்து ஆட்களுக்காகக் கட்டியது. இப்போது கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கீழ் டிவிஷனில் தங்குமிடம் இருக்கிறது. பழைய லயத்தில் மிஞ்சியிருப்பவர்கள் வேலையிலிருந்து ஓய்ந்தவர்களும், காய்கறித் தோட்டம், ஹோட்டல், லோரி என்று சிதறிப்போன அவர்கள் பிள்ளைகளும்தான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தின் மேல்தான் மூன்று தலைமுறை சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

காலி செய்தபிறகு அங்கே சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி வருமாம். சுவரைக்கூட மாற்ற மாட்டார்களாம், வெள்ளை மட்டும் அடிப்பார்களாம். ஒழுகுகிற கூரையின் கீழே படுக்கப் பட்டணத்துக்காரர்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்று கேட்டபோது லயமே நம்பவில்லை. பிறகு நம்பியது. நம்பியபின் வந்ததுதான் கோபம்.

லயத்துக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. தோட்டத்து எல்லையில் சும்மா கிடக்கும் நிலத்தில் மாற்று வீடு கட்டிக் கொடுங்கள், அதுவரை நகரமாட்டோம்.

3

விக்னேஸ்வரி வீடு வீடாகப் போனாள்.

முதல் சில வீடுகளில் நேராகவே கேட்டுப் பார்த்தாள். "காலி பண்ணச் சொல்றாங்களே, என்னா செய்யப் போறோம்?" நம்ம கையில என்ன இருக்கு என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவள் கூரையிலிருந்து தொடங்கினாள். "ஒங்க வீட்டுல எந்தப் பக்கம் ஒழுவுது?" கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லயத்தில் யாராலும் நிறுத்த முடியாது. கூரையிலிருந்து கக்கூஸ், கக்கூஸிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் என்று சுற்றிக் கடைசியில் அவர்களே வந்து சேர்வார்கள்: "எவ்ளோ ஒழுவுனாலும் எங்க வீடுலா இது."

அந்த இடத்துக்காகத்தான் அவள் காத்திருப்பாள். "இத மேனேஜர்கிட்ட சொல்வீங்களா? இத மட்டும் சொன்னா போதும்."

இப்படி வீட்டுக்கு ஒரு பேச்சு சேர்ந்தது. ஒரு வீட்டுக்காரர் கூரையைச் சொல்வார், ஒரு வீட்டுக்காரி வேனைச் சொல்வாள். யாரும் தலைவர் மாதிரி நீட்டி முழக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு வாய்.

"இதற்குப் பெயர்தான் அரசியல் என்பது அவளுக்குத் தெரியாது" என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு விக்னேஸ்வரி, "தெரியும்லா" என்றாள். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

(இடையில் நிஜமான அரசியலும் வந்தது. இரண்டு கட்சிகளின் கிளைக்காரர்களும் ஒரே வாரத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வந்து போனார்கள். ஒருவர் அரிசி கொண்டுவந்தார், மற்றவர் சமையல் எண்ணெய். இருவருமே போட்டோ எடுத்துக்கொண்டார்கள், இருவருமே தேர்தல் வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். "அரிசிய நம்ம வச்சிக்குவோம், பொறுமைய அவங்களே வச்சிக்கட்டும்" என்றாள் கமிட்டியில் இருந்த டோரீன். அவளைப் பற்றி அடுத்த பகுதியில்.)

மேனேஜர் மட்டும் வந்தபாடில்லை. ஆபீசுக்குப் போனால் அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் போனால் அவர் கோலாலம்பூரில் என்றார்கள். வழி பிறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. விக்னேஸ்வரியின் புருஷன் புவனேஸ்வரன் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஆரம்பத்தில் "பொம்பளைங்க கமிட்டி, டீ குடிக்கிற கமிட்டி" என்று கேலி செய்தவர். ஒருநாள் அவரே தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, லோரிகளின் முகப்பில் "லயம் எங்கள் வீடு" என்று துணி கட்டி, சுற்றுப்பயணிகள் கூடும் கியா பார்ம் சந்தை வழியாக வரிசையாக ஓட்டினார். ஏதோ திருவிழா என்று நினைத்துச் சுற்றுப்பயணிகள் படம் எடுத்தார்கள். படம் போனுக்குப் போன் தாவி, தோட்டத்தின் தலைமையகம் வரை போயிற்று. மறுவாரமே மேனேஜர் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார்.

"டீ நல்லாருந்திச்சா?" என்று விக்னேஸ்வரி கேட்டாளாம்.

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

ராஜநாயகம். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். துரை சொல்வதைக் கேட்டு ஆட்களுக்குச் சொல்வதும், ஆட்கள் முனகுவதைக் கேட்டும் கேளாததுபோல் இருப்பதும் கிராணியின் உத்தியோகம். டோரீன் அவருடைய மகள். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் அப்பாவும் மகளும் சேர்ந்து பாடுவார்கள். கமிட்டிக்கு யார் தலைவர் என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ராஜநாயகத்தைப் பார்த்தார்கள். பேச வேண்டியது கிராணிதானே, அப்படித்தானே எப்போதும்.

கதைக்கு ஒரு துரோகி வேண்டும் என்று நான் நினைத்தேன். கிராணியை விடப் பொருத்தமான ஆள் யார்? அவர் விடிகாலையில் ஒளிந்து ஒளிந்து மேனேஜர் பங்களாவுக்குப் போவதுபோல் ஒரு காட்சி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நாய்கூடக் குரைத்தது. டோரீனிடம் காட்டினேன்.

"அப்பா பங்களாவுக்குப் போனது உண்மதான்," என்றாள். "அங்க பைப்பு ஒடஞ்சி தண்ணி ரோட்டுல ஓடுது, பாத்துட்டு சும்மா இருக்க முடியல, சொல்லிட்டு வந்தாரு. அவருக்கு அந்த வியாதி உண்டு."

காட்சியைத் தூக்கிப் போட்டேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. சொல்லப்போனால் விக்னேஸ்வரிக்கும் போகவில்லை. "அவரு நல்லவருதான். ஆனா முப்பது வருஷம் அந்தப் பக்கமா நின்ன ஆளு" என்பாள். ஒருவரை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒரு வருஷம் கூட வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கமிட்டியில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

5

ஆகஸ்ட் மாதத்தில் கூட்டம் நடந்தது. நீங்கள் சிரிக்கலாம், தடையில்லை. முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

பாலர் பள்ளிக் கட்டடம் நிறைந்திருந்தது. நாற்காலிகள் மாதா கோயிலிலிருந்து வந்தவை. மேனேஜர் நம்ம ஆள்தான், கோலாலம்பூர்த் தமிழ் பேசுகிற இளைஞர். பிஸ்கட் டின்களோடு வந்திருந்தார். இருந்தாலும் வயசானவர்களுக்கு அவர் துரைதான். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் அந்த நாற்காலியின் பெயர் மாறவில்லை.

"ஆன்ட்டி, அங்கிள், நான் ஒங்க பிள்ள மாதிரி," என்று தொடங்கி, கம்பெனியின் கஷ்டங்களைப் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "சரி, இப்ப நீங்க சொல்லுங்க. யாரு மொதல்ல?" என்றார்.

முதல் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன் அடித்தது. அவர் மன்னிக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, எழுந்து பின்பக்கமாகப் போனார்.

அவர் எழுந்ததும் மாடசாமி எழுந்தார். மாடசாமி விக்னேஸ்வரியின் அப்பா, கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை மரமாக வளரவிடாமல் வெட்டிவிடும் வேலையில் முதுகு வளைந்தவர். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டம் மொத்தமும் எழுந்து, கையைக் கட்டி ஒரு நிமிஷம் நின்று, பிறகு வழக்கம்போல் வாசலுக்கு நடந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் காலத்தில் துரை ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களின் குறை கேட்பார். ஆட்கள் கீழே நிற்பார்கள், கிழடுகள் மட்டும் படியில் உட்காரலாம். துரை எழுந்தால் கேட்டாயிற்று என்று அர்த்தம். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரட்டுக் களத்தில், அதாவது விடிகாலை ஆள் கூப்பிடுகிற இடத்தில், அம்மா இடுப்பில் இருந்தபடியே பிள்ளைகள் கற்றுக்கொண்டது.)

மேனேஜர் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. ராஜநாயகம் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எல்லாருக்கும் ஓகேவா, அங்கிள்?" என்று மேனேஜர் கேட்டார். அவர் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை, நிஜமான ஆச்சரியம்தான். ராஜநாயகம் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

தலைமையகத்துக்கு மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்: விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், யாரும் மறுக்கவில்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

6

விக்னேஸ்வரி வீட்டுக்கு வந்தபோது அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா எந்திரிச்சீங்க?"

"அவரு எந்திரிச்சாருல்ல."

"போன் பேச எந்திரிச்சாருப்பா! போன் பேச!"

"எதுக்கு எந்திரிச்சா என்னா? தொர நிக்கிறாரு, நம்ம குந்திக்கிட்டு இருக்கறதா? அப்பிடியா ஒன்ன வளத்தேன்?" அவர் குழாயை மூடினார். "நீ மட்டும் என்னா. நீயும்தானே எந்திரிச்ச."

அதுதான் சுட்டது. அவளும்தான் எழுந்திருந்தாள். ஏழு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவள், இன்னின்னார் இன்னின்னது பேசவேண்டும் என்று பாடம் பண்ண வைத்தவள், மேனேஜர் எழுந்ததும் எழுந்து, ஒரு செருப்பை மாட்டி, இன்னொரு செருப்பைக் காலால் தேடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் பாதி லயம் பாதையில் நடந்துகொண்டிருந்தது.

அவமானமாக இருந்தது அவளுக்கு. மேனேஜர் மேல் கோபம் வந்திருந்தால் சுலபம். தன் கால் மேலேயே கோபம் வந்தால் என்ன செய்வது? அன்றைக்கு அவள் சோறு வடிக்கவில்லை. புவனேஸ்வரன்தான் முட்டை பொரித்தார்.

[இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதினேன். கண்டிஷன் ஞாபகம் வந்தது. தவிர, அவள் அழவில்லை. சாமான் அலமாரியை முழுதாக இறக்கி, துடைத்து, மறுபடி அடுக்கினாள். டப்பாக்கள் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.]

மறுநாள் அவள் டோரீனிடம் போய், "கோயில் நாக்காலிய திருப்பிக் குடுக்காதீங்க. வேல இருக்கு" என்றாள்.

7

அந்த வேலை, உட்காரப் பழகுவது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலர் பள்ளியில் எல்லாரும் உட்காருவார்கள். டோரீன் ஹோட்டல் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்காருவாள். அவள்தான் துரை. கம்பெனியின் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, திடுமென்று போனைக் காதில் வைத்து எழுந்து நடப்பாள். யாரும் எழக் கூடாது. விளையாட்டு அவ்வளவுதான்.

முதல் தடவை பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எழுந்தபின் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, உட்காரவே முடியவில்லை. இரண்டாம் வாரம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் முந்தானையைப் பக்கத்தில் இருந்தவளின் முந்தானையோடு முடிந்துகொண்டாள், இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு வேலை. கொழுந்துக் கூடை சுமந்ததைவிடத் தொடை வலிக்கிறது என்று ஒருவர் முறையிட்டார்.

மாடசாமி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதல் நாளிலிருந்தே. விக்னேஸ்வரிக்கு வாயெல்லாம் பல்.

"அப்பா, பழகிட்டீங்களே!"

"இதுல பழகறதுக்கு என்னா இருக்கு? அது டோரீன் பாப்பா. அது எந்திரிச்சா நான் ஏன் எந்திரிக்கணும்? தொர எந்திரிச்சாத்தான் எந்திரிப்பேன்."

டோரீன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "அங்கிள், ஒங்களுக்கு நான் எங்கேருந்து தொரய கொண்டாறது?"

நிஜத் துரையிடமே போவது என்று விக்னேஸ்வரி முடிவு செய்தாள். முடிந்துபோன கூட்டத்தை மறுபடி கூட்ட மேனேஜருக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் வேலை நாள் ஒன்றை விட்டுக்கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் லயமே போய் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தது. முழக்கம் கிடையாது. வெற்றிலை மடித்தார்கள், பட்டாணி உரித்தார்கள். ஆபீசுக்குள் போகிறவர்கள் காலைத் தாண்டித் தாண்டிப் போகவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூலியைப் பிடித்துக்கொண்ட தவுக்கே, விக்னேஸ்வரியை "யூனியன்காரி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் அதற்கும் திரும்பிப் பார்த்தாள்.

மேனேஜர் காடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் மாடசாமி ஒருவர் மட்டும் எழுந்து நிற்பார். உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு நடுவே வளைந்த முதுகோடு ஒரே ஒரு ஆள். விக்னேஸ்வரி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

8

என் சந்தேகத்துக்குரிய பாத்திரம் இங்கேதான் வாயைத் திறக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, மேனேஜர் போன் பேசிக்கொண்டே வராந்தாவைக் கடந்து உள்ளே போனார். மாடசாமி எழுந்து, நின்று, மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் ராஜநாயகம்.

"மாடசாமி," என்றார் அவர். "இப்ப எந்திரிச்சி நின்னியே, அவரு ஒன்னயப் பாத்தாரா?"

"போன்ல இருந்தாரு, கிராணியாரே."

"போன் இல்லாத காலத்துல? நான் அவங்க பின்னாடி நின்னவன். எத்தன தொர வந்தாங்க, போனாங்க. எந்திரிப்பாங்க, திரும்புவாங்க, உள்ள போயிடுவாங்க. நீங்க எந்திரிச்சி நிக்கறது அவங்க முதுவுக்குப் பின்னால. நான் மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மாடசாமி அவரையே பார்த்தார். "ஒரு தொரகூடவா பாக்கல?"

"ஒருத்தரும் பாத்ததில்லப்பா. நான் சொல்லியிருக்கணும். எனக்கும் அவங்க பின்னாலயே உள்ள போற அவசரம்."

மாடசாமி மடித்து வைத்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். விக்னேஸ்வரி உரித்துக்கொண்டிருந்த பட்டாணியைக் கீழே வைத்தாள். அப்பாவை வெல்லவேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்தவளுக்கு அந்த நிமிஷம் அவர் பக்கத்தில் போய் உட்காரத்தான் தோன்றியது. போய் உட்கார்ந்தாள்.

(ராஜநாயகத்தைத் துரோகியாக்க நினைத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, பங்களா நாய் நல்லா வந்திருந்திச்சி" என்றார். டோரீன் அந்தக் காட்சியை அவரிடம் காட்டியிருக்கிறாள்.)

9

தீபாவளி கழிந்து, மேனேஜர் இரண்டாம் கூட்டத்துக்குச் சம்மதித்தார். காலைத் தாண்டிக் களைத்துப்போனார் என்பது என் கணிப்பு. வெள்ளை அடிக்கிற ஆட்கள் வரத் தேதி குறித்தாயிற்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கூட்டமும் போனால் வீடு போயிற்று.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை நான் சில முடிவுகளை எழுதிக்கொண்டு சோளக் கடைக்குப் போனேன்.

(அ) மேனேஜர் மனம் உருகி, மாற்று வீடு தர ஒப்புக்கொள்கிறார். எல்லாரும் பாயசம் சாப்பிடுகிறார்கள்.

(ஆ) லோரியில் சாமான் ஏறுகிறது. ஓட்டுவது புவனேஸ்வரன். கடைசியாக அலமாரி.

(இ) மாடசாமிக்குக் கூட்டத்தில் நெஞ்சுவலி.

விக்னேஸ்வரி (இ)யைப் பார்த்ததும் இடுக்கியைத் தூக்கினாள். நான் அவசரமாக அந்த வரியை அடித்துவிட்டேன். (அ)வைப் படித்துச் சிரித்தாள். (ஆ)வைப் படித்துவிட்டு, பானையிலிருந்த சோளங்களை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"முடிவே எழுதாதீங்கக்கா."

"முடிவில்லாம எப்படிம்மா? படிக்கிறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும்லா. நீங்க முடிச்சிட்டா கத முடிஞ்சிடிச்சின்னு அவங்க பேப்பர மடிச்சிட்டு எந்திரிச்சிப் போயிடுவாங்க. நாங்க போனமே, அந்த மாதிரி."

இத்தனை வருஷமாக நானும் கடைசி வரியில் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறேன். நீங்களும் மரியாதையாக எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறீர்கள். பின்னால் யார் வாயைத் திறந்தார்கள் என்று நம் இருவருக்குமே தெரியாது.

10

ஆகவே இதோ, நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கடைசி வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

கூட்டம் நன்றாகத்தான் போயிற்று. முதல் வீடு கூரையைச் சொன்னது, இரண்டாம் வீடு வேனைச் சொன்னது. மேனேஜர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான்காவது வீட்டுக்காரர் பேசி முடிக்கிற நேரத்தில், மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தமுறை போன் அடிக்கவில்லை. "எல்லாத்தையும் மேல சொல்றேன். ரொம்ப நன்றி ஆன்ட்டி, அங்கிள்," என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

எனக்கு முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் விறைத்தன. நாற்காலிகள் லேசாகக் கிறீச்சிட்டு அடங்கின. விக்னேஸ்வரி எழவில்லை. அவளுடைய பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். ராஜநாயகம் எழவில்லை. மாடசாமியின் கைகள் இரண்டும் முட்டியை ஊன்றின, தோள் உயர்ந்தது, இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. விக்னேஸ்வரி அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

மேனேஜர் வாசலுக்குத் திரும்பி ஓரடி வைத்தார். வழக்கமாக அந்த இடத்தில் பின்னால் கேட்கும் சத்தம் கேட்கவில்லை. அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

மாடசாமி உட்கார்ந்தார். முட்டியை ஊன்றிய கைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"தம்பி, நாங்க இன்னும் பேசி முடிக்கல. உக்காருங்க."

துரை என்று சொல்லவில்லை. தம்பி என்றார். மேனேஜர் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நிற்கிறார். லயம் மொத்தமும் உட்கார்ந்தபடி அவரைப் பார்க்கிறது. அவர் வந்து உட்கார்ந்தாரா, வெளியே நடந்தாரா, தோட்டத்து எல்லையில் வீடு வந்ததா, வெள்ளையடிக்க ஆள் வந்தானா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். பேப்பரை மடிக்காதீர்கள். ஐந்தாவது வீட்டுக்காரி சேலையைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்:

"எங்க வீட்டப் பத்தி நான் சொல்ல வந்தது என்னான்னா,